அப்பா என்ற கட்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் என் கையெழுத்தும்தான். ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குப் போவதற்குள் முதல் வரியில் என்ன சொன்னேன் என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மறதி அப்படி. எங்கள் காப்பகத்து டீச்சர்தான், "நீங்க கேட்டுல நின்னு பாத்ததை மட்டும் எழுதுங்க ஆயா, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார். எங்களைப் போலச் சின்ன அளவில் தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்கள் படிப்பதற்காம். ஒரு கம்பெனி தன்னுடைய சாஃப்ட்வேரை இனாமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாமா, இல்லை யாருக்கும் தனிச்சொந்தம் இல்லாத பொதுவான சாஃப்ட்வேரையே வைத்துக்கொள்ளலாமா என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதில் கருத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. கேட்டில் நடந்தது தெரியும்.

எங்கள் காப்பகம் ஓசூரில், கம்பெனிகள் இருக்கிற பக்கம், ஒரு வாடகை வீட்டில் நடக்கிறது. கம்பெனி வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற பெண்கள் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். காலை ஷிப்டுக்காரிகள் வரும்போது பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். அப்படியே என் தோளுக்கு மாற்றிக்கொள்வேன். அது கண்ணைத் திறக்காது. பிள்ளைகளை வாங்குவது, சோறூட்டுவது, கால் கழுவிவிடுவது, திரும்பக் கொடுப்பது, இதுதான் என் வேலை. வீட்டுக்காரர் போனபிறகு கெலமங்கலத்துப் பக்கத்திலிருந்து வந்து இந்த வேலையில் சேர்ந்தேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளிடம் அந்தக் கூச்சம் இல்லை. ஒரு பிள்ளை தண்ணி என்று கேட்கும், ஒன்று நீரு என்னும், ஒன்று நீள்ளு என்னும், வடக்கத்திப் பிள்ளை பானி என்னும். நான் எல்லோருக்கும் டம்ளரை நீட்டுவேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. காலையில் பிள்ளையை விட்டவளேதான் சாயங்காலம் வந்து கூட்டிப்போவாள் என்று சொல்ல முடியாது. ஓவர்டைம் போட்டுவிடுவார்கள், கம்பெனி பஸ் லேட்டாகும். பக்கத்து ரூம் அக்கா வருவாள், லைன் வீட்டு ஓனரம்மா வருவாள், ஒரு பிள்ளையைத் தள்ளுவண்டிக் காய்காரர்கூட வந்து வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். அம்மா காலையில் வாயால் சொல்லிவிட்டுப் போவாள். அதை நினைவில் வைத்துக்கொள்வதுதான் எனக்குப் பயம். யாரோ கேட்டு யாரிடமோ பிள்ளையைக் கொடுத்துவிட்டால்?

அதற்காகத்தான் முதன்முதலில் கம்ப்யூட்டர் வந்தது. பெங்களூரில் வேலை செய்கிற ஒரு தம்பி சனிக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு வருவார். ஏதோ ஒரு ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அதில் ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தார்.

"இதுக்கு எவ்ளோ ஆவும் தம்பி?" என்று டீச்சர் கேட்டார்.

"காசில்லீங்க மேடம். இது ஓப்பன் சோர்ஸ். பல ஊருல பல பேரு சேந்து எழுதி வெச்சது. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், நமக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கலாம்."

"பிரிச்சா ஒடைஞ்சு போயிடாதுங்களா?" என்று நான் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் வெட்கமாகப் போனது.

அவர் சிரிக்கவில்லை. "ஒடைஞ்சா மறுபடியும் ஒட்டலாம் ஆயா. எப்படி ஒட்டறதுன்னு அதுலயே எழுதியிருக்கும்" என்றார்.

ஒரு சனிக்கிழமை முழுக்க என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து யார் யார் வருகிறார்கள், நான் என்ன கேட்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வந்து பிள்ளைகள் படத்தையெல்லாம் திரையில் போட்டார். பிள்ளை படத்தைத் தொட்டால் அதைக் கூட்டிப்போகக் கூடியவர்கள் படம் கீழே வரும். எழுத்தெல்லாம் தமிழில். புதிதாக ஒருவர் வரப்போகிறார் என்றால் அம்மா காலையில் என் எதிரிலேயே அதைச் சேர்த்துவிட்டுப் போகலாம். நான் தொடக் கற்றுக்கொண்டேன். விரலில் மாவு ஒட்டியிருந்தால் மட்டும் அது கேட்காது.

நல்லதை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். அது அடிக்கடி நின்றுபோகும். அந்தத் தம்பிக்குப் போன் போட்டால் மீட்டிங் என்பார். ஒருமுறை ஒரு வாரம் போலக் கம்ப்யூட்டர் கறுப்பாகவே கிடந்தது. நாங்கள் கரும்பலகையில் எழுதி ஓட்டினோம். பிறகு அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். எங்கள் செயலாளர் சாருக்கு அப்போதிருந்தே அதன்மேல் கோபம். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்காகப் பாலுக்கும் வாடகைக்கும் படியேறி இறங்குகிறவர் அவர்தான்.

"ஓனரே இல்லாத வீட்டுல ஓட்டை விழுந்தா அடைக்கறது யாரு டீச்சர்?" என்பார்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

இனி ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தத் தம்பி இங்கே வந்துகொண்டிருந்த நாளிலேயே அவள் எங்களிடம் வந்துவிட்டாள். கர்நாடகப் பக்கத்துக்காரி, பேச்சில் கன்னடம் கலந்திருக்கும், என்னை அஜ்ஜி என்பாள். இடுப்பில் ஒரு பெண்பிள்ளை. நன்றாக நடக்கும், ஆனாலும் இறங்காது. ஒரு கம்பெனியில் லைனில் வேலை கிடைத்திருந்தது. டீச்சர் பிள்ளையைச் சேர்க்கும்போது அப்பா பெயர் கேட்டார். கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது.

"அவரு... டியூட்டிக்கு வெளியூர் போயிருக்காரு" என்றாள்.

"போன் நம்பர்?"

சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். அதற்குள் கழுத்தில் இருந்த காயத்தை நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். மறுநாள் பிள்ளையை என் கையில் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னாள். "அஜ்ஜி, நான் வந்துட்டேன். சொல்லாம வந்துட்டேன். மகு எங்க இருக்குதுன்னு அவருக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா கொழந்தையத் தூக்கிட்டுப் போயிடுவாரு, அப்பறம் நான் தானா பின்னாடி போயாகணும்." மகு என்றால் அவர்கள் பேச்சில் குழந்தை.

டீச்சரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். தலையாட்டினாள். அந்தச் சனிக்கிழமை டீச்சர் தம்பியிடம் சொன்னார். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே ஏதோ தட்டினார், டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அப்பா கட்டத்தைக் காலியாக விட்டாலும் அடுத்த பக்கம் போகும்படி செய்துவிட்டார். பிள்ளைக்கு யார் பொறுப்பு என்று ஒரு கட்டம் புதிதாக வைத்தார். அவள் வந்து அதில் தன் படத்தைத் தானே தொட்டு வைத்தாள். அன்றைக்கு இதை நான் பெரிதாக நினைக்கவில்லை. நம் கம்ப்யூட்டர், நாம் சொன்னால் கேட்கிறது, அவ்வளவுதானே என்று இருந்துவிட்டேன்.

அவர் வெளிநாடு போய், பழைய கம்ப்யூட்டர் இன்னும் அதிகமாக மக்கர் செய்ய ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பெரிய உதவி வந்தது. ஒரு கம்பெனி முன்வந்தது. புதுக் கம்ப்யூட்டர்கள், பிரிண்டர், சுவரில் மாட்டுகிற பெரிய திரை, எல்லாம். அதோடு அவர்கள் கேட்டில் ஆட்களையும் லாரிகளையும் பதிகிற அதே சாஃப்ட்வேரில், பள்ளிக்கூடங்களுக்கென்று செய்த ஒரு வகை. வெளியில் வாங்கினால் பெரிய விலையாம், எங்களுக்கு இனாம். பாலுக்கும் வாடகைக்கும்கூட அந்த வருடத்துக்கு அவர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

பொருத்த வந்த ஆளிடம் டீச்சர் கேட்டார். "இதுல தமிழ் வருங்களா? பழசுல எங்களுக்குத் தகுந்த மாதிரி சிலது மாத்தி வெச்சிருந்தோம்."

"மாத்தறதெல்லாம் எங்க கையில இல்ல மேடம். இதைத் தயாரிச்ச ஹெட் ஆபீஸ்லதான். உங்க ஒருத்தருக்கு மாத்தினா எல்லா எடத்துலயும் மாறிடும்."

டீச்சர் முகம் சுருங்கியதைப் பார்த்துச் செயலாளர் சார், "தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதீங்க டீச்சர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார்.

ஆபீஸ் வேலைக்கு ஒரு பெண் சூளகிரியிலிருந்து பஸ்ஸில் வரும். பி.காம். படித்த பெண், ஒழுங்கான பெண். விழாவுக்கு முன்னால் எல்லாப் பிள்ளைகள் விவரத்தையும் புதிதில் ஏற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சாஃப்ட்வேர் அப்பா பெயரும் அப்பா செல் நம்பரும் இல்லாமல் அடுத்த பக்கம் போகாது. நம்பர் இல்லாத பிள்ளைகளுக்கு அந்த ஆபீஸ் பெண், சேர்க்கும்போது வாங்கி வைத்த காகிதங்களில் தேடியது. அந்தக் கர்நாடகக்காரியின் பிள்ளைக்குத் தடுப்பூசி அட்டை இருந்தது, கர்நாடகத்தில் போட்டது, எல்லாம் கன்னட எழுத்து. வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் ஒன்றும் புரியாமல் விட்டிருக்கும். எங்கள் பக்கத்துப் பெண், கன்னடம் படிக்கத் தெரியும். அப்பா நம்பரைக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டது. ஆபீஸ் பெண்ணுக்கு அந்தத் தாயின் கதை தெரியாது. டீச்சரும் நானும் யாரிடமும் சொல்லவில்லை. மானக்கேடான விஷயத்தைப் பத்து பேருக்குச் சொல்வார்களா?

விழா நன்றாக நடந்தது. பேனர் கட்டினார்கள், பெரியவர்களுக்குப் பொன்னாடை போட்டார்கள். நான் சமையலறையில் நின்றுகொண்டேன். "ஆயாவும் வரணும்" என்று இழுத்துக்கொண்டு போனார்கள். போட்டோவில் என் பாதி முகம்தான் இருக்கிறது.

புதுச் சாஃப்ட்வேரில் எல்லோருக்கும் பிடித்தது ஒன்று உண்டு. பிள்ளை உள்ளே வந்தால் அப்பா போனுக்கு மெசேஜ் போகும். வெளியே போனால் ஒன்று போகும். வரவில்லை என்றால் இன்று வரவில்லை என்று போகும். அம்மாக்களுக்குப் போகாது, முதல் நம்பர் எதுவோ அதற்குத்தான் போகும். அம்மாக்கள் போனை எப்படியும் கம்பெனி லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போவார்கள். ஒரு கொத்தனார் சொன்னார், "ஆயா, உன் மெசேஜ் வந்தாத்தான் என் வீட்டுல எல்லாம் எந்திரிச்சிட்டாங்கன்னே எனக்குத் தெரியுது." சிரித்தோம். நல்லதுதான் என்று நானும் நினைத்தேன்.

ஒருநாள் மத்தியானம் ஒரு ஆள் வந்தான். பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. டீச்சர் கிருஷ்ணகிரிக்குப் போயிருந்தார். கர்நாடக நம்பர் போட்ட வண்டி. தேய்த்த சட்டை. கையில் பிஸ்கட் பாக்கெட், ஒரு பலூன்.

"நமஸ்காரா அஜ்ஜி. மகளைப் பாக்கலாம்னு வந்தேன்."

"எந்தப் புள்ளைங்க?"

பிள்ளையின் பெயரைச் சொன்னான். பூட்டியிருந்த கேட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"எல்லாம் தூங்குதுங்க. சாயங்காலம் வாங்க."

"தூங்கட்டும் அஜ்ஜி. அப்படியே தூக்கிக்கறேன். எந்திரிக்கவே மாட்டா, அவ தூக்கம் எனக்குத் தெரியும்."

"இங்கதான் இருக்குதுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"நீங்கதான்." போனை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினான். வரிசையாக மெசேஜ். "தெனமும் சொல்றீங்க. வந்தா சொல்றீங்க, போனா சொல்றீங்க. காப்பகம் பேரு, ரோடு பேரு எல்லாம் போட்டுச் சொல்றீங்க. நல்ல ஆபீஸ் உங்களது. பெத்தவனுக்கு மரியாதை குடுக்கறீங்க."

உள்ளே இருந்து ஆபீஸ் பெண் எட்டிப் பார்த்துக் கேட்டது. "யாரு ஆயா?"

"நான் அவ அப்பா. சிஸ்டத்துல பாரும்மா."

அது பார்த்தது. "ஆமா ஆயா, இருக்காரு. பச்சை டிக் காட்டுது, கூட்டிட்டுப் போலாம்னு."

"பாத்தீங்களா அஜ்ஜி" என்றான். கோபமே இல்லை அவனுக்கு. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கேட் சாவி என் இடுப்பில் இருந்தது. "சாவி டீச்சரு கிட்ட இருக்குதுங்க. அவங்க வரணும்" என்றேன். குரல் நடுங்கியது. நான் கூச்சத்தில் எப்போதும் அப்படித்தான் பேசுவேன் என்பதால் அவனுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. எதிரில் டீக்கடையில் போய் உட்கார்ந்தான். என்னைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தான். நான் உள்ளே போய் ஆபீஸ் பெண்ணின் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அது உடனே பிள்ளையின் அம்மா வேலை செய்கிற கம்பெனிக்குப் போன் போட்டது. செக்யூரிட்டி எடுத்து, லைனில் இருப்பவரைக் கூப்பிட முடியாது, லீடரிடம் சொல்லிவைக்கிறேன் என்றார்.

டீச்சர் வந்ததும் அவன் எழுந்து வந்தான்.

"அம்மா வந்து சொன்னாத்தான் குடுப்போங்க" என்றார் டீச்சர்.

"அப்போ என் நம்பர் எதுக்கு வெச்சிருக்கீங்க மேடம்? நானா குடுத்தேன்?"

நாளைக்குப் பெரியவர்களோடு வருகிறேன், தேவைப்பட்டால் போலீஸோடும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். பிஸ்கட் பாக்கெட்டைக் கேட் கம்பியில் செருகிவிட்டுப் போனான்.

சாயங்காலம் அவள் வந்தபோது கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றவில்லை. லீடர் சொல்லியிருக்கிறார். முதலில் பிள்ளையைத் தூக்கி முகத்தோடு அழுத்திக்கொண்டாள். பிறகு கம்பியில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்தாள்.

ஆபீஸ் பெண் அழுதது. "அக்கா, கட்டம் காலியா இருந்தா அடுத்த பக்கமே போவல அக்கா. எனக்குத் தெரியாதுக்கா."

"உன்ன என்ன சொல்றது கண்ணு" என்றாள். அப்புறம் டீச்சரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "இனிமே அது போவாம இருக்குமா மேடம், அந்த மெசேஜு? நாளைக்கு?"

எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். நான் பின்னால் நின்றேன். நம்பரை மாற்றப் பார்த்தார்கள். மாற்ற வேண்டுமானால் பழைய நம்பருக்கு ஓடிபி போகுமாம், அதைப் போட்டால்தான் மாறுமாம். பழைய நம்பர் அவனுடையது. பிள்ளையைப் பதியாமல் விட்டால் இன்று வரவில்லை என்று அவனுக்குப் போகும். பெயரையே எடுத்துவிடலாம் என்றால் அது ஹெட் ஆபீஸில்தான் முடியும், எடுத்தாலும் உங்கள் பிள்ளை விலகிவிட்டது என்று ஒன்று போகும். பொருத்திய ஆளுக்குப் போன் போட்டார்கள். "கம்ப்ளெய்ன்ட் போட்டிருக்கேன் மேடம், வரிசையில பாப்பாங்க" என்றார். எந்தப் பக்கம் தட்டினாலும் பிள்ளையின் அப்பனிடமே போய் முடிந்தது. ஒரு கட்டத்தைக் காலி செய்ய ஒரு டீ ஆறும் நேரம் போதும் என்று என் கண்ணால் பார்த்திருந்தேன். அதனால்தானோ என்னவோ எனக்கு மற்றவர்களைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

மகளிர் போலீஸுக்குப் போகலாம் என்றார் டீச்சர். அவள் வேண்டாம் என்றாள். "பேடா மேடம். பேச்சுவார்த்தைக்குன்னு அவரைக் கூப்பிடுவாங்க. கூப்பிட்டா அவரு நல்லா பேசுவாரு."

மறுநாள் காலையில் செயலாளர் சார் வந்தார். இரவே டீச்சர் போனில் சொல்லியிருந்தார். வெளிநாட்டுத் தம்பியிடமும் பேசியிருந்தார். பழைய கம்ப்யூட்டரை எடுத்து மாட்டுங்கள், நான் இங்கிருந்தே சரிசெய்து தருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"பழசுக்கே போயிடலாம் சார்" என்றார் டீச்சர்.

"போயிட்டு? கம்பெனிக்காரங்க வந்து கேட்டா? அவங்க குடுத்த பாலைக் காய்ச்சிக்கிட்டே அவங்க குடுத்ததை மூட்டை கட்டி வெச்சோம்னு சொல்றதா?"

"மாட்டோட பல்லைப் பாக்க வேணாம் சார், சரி. கயிறு யாரு கையில இருக்குதுன்னாவது பாக்கணுமில்ல?"

"அந்தத் தம்பி நாளைக்குப் போனை எடுக்கலைன்னா?"

"எடுக்கலைன்னா தெரிஞ்ச வேற ஆளைக் கூப்பிடுவோம். யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாம் அதை. நானே கத்துக்கறேன். இதுக்கு ஒரே சாவி, அதுவும் எங்கயோ இருக்குது."

சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீங்க சொல்றது தப்புன்னு நான் சொல்லல டீச்சர். பாலுக்கும் வாடகைக்கும் நான் யாரு வாசல்ல போய் நிக்கறது, அதைச் சொல்லுங்க."

இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டது. ஆனால் காலை ஷிப்டுப் பிள்ளைகள் வர ஆரம்பித்துவிட்டன. நான் பேசாதவள்தான், ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "சார், அந்தப் புள்ள இப்ப வருங்க. உள்ள வுட்டா வந்துடுச்சின்னு போவும். வுடலைன்னா வரலைன்னு போவும். நான் என்னா பண்ணட்டுங்க?"

சார் தன் பையை எடுத்துக்கொண்டு நேராகச் சாஃப்ட்வேர் கொடுத்த கம்பெனிக்கே போனார். அன்று முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தார் என்று பிறகு டீச்சர் சொன்னார். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதராம், நிஜமாகவே வருத்தப்பட்டாராம். அவர்களும் அதை வேறொரு இடத்தில் வாங்கினவர்கள்தான். இனாமாகக் கொடுக்கிற லைசென்ஸில் இதை மாற்று, அதை மாற்று என்று கேட்க வழியே கிடையாதாம். காசு கொடுத்து வாங்கியிருந்தால் கேட்கலாமாம்.

சார் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். கம்பெனி யூனிபார்ம் இல்லை. ஒரு பெரிய பை, கையில் பிள்ளை. உள்ளே விட வரவில்லை என்று பையைப் பார்த்ததுமே புரிந்தது.

"தட்டும் கவுனும் எடுத்துக்கறேன் அஜ்ஜி. போர்வையும்."

எடுத்துக் கொடுத்தேன். பிள்ளை வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடிப்போய்த் தன் பாயைத் தேடியது. பாய் இன்னும் விரிக்கவில்லை. சுருட்டி வைத்த பாயின்மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது. தூக்க வந்தபோது வரமாட்டேன் என்று கத்தியது. அன்றைக்கு மட்டும் இடுப்பில் ஏற மறுத்தது.

"அடுத்த மாசம் பர்மனெண்ட் பண்றேன்னு சொல்லியிருந்தாங்க அஜ்ஜி" என்றாள். அவ்வளவுதான் அவள் பட்ட வருத்தத்தைச் சொன்னது. பிறகு, "எங்க போறேன்னு கேக்காதீங்க" என்றாள்.

"கேக்கலம்மா."

ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. அவள் ஏறியதும் நான் திரும்பி உள்ளே வந்துவிட்டேன். எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் யாராவது கேட்கும்போது என் முகத்தில் தெரிந்துவிடும். எனக்கு முகத்தை மறைக்க வராது.

அவன் சொன்னபடியே பெரியவர்களோடு வந்தான். பிள்ளை இல்லை என்றேன். "தெரியும். வரலைன்னு காலையிலயே மெசேஜ் வந்துடுச்சு" என்றான். எங்கே போனாள் என்று கேட்டான். தெரியாது என்றேன். அது நிஜம். பெரியவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, கிழவி பொய் சொல்லாது என்று அவனிடமே சொன்னார்கள். அதன் பிறகும் சில நாள் எதிர் டீக்கடையில் அவன் வண்டி நின்றது. அப்புறம் இல்லை. இல்லாமல் போனது எனக்கு நிம்மதியாக இல்லை. இங்கே நிற்கவில்லை என்றால் வேறு எங்கே நிற்கிறான்?

இப்போது எங்கள் காப்பகத்தில் இரண்டும் ஓடுகிறது. கேட்டில் பழையது. அந்தத் தம்பி போனிலேயே சொல்லிச் சொல்லி டீச்சர் கற்றுக்கொண்டார். இன்னமும் நடுவில் நின்றுபோகிறது, டீச்சர் அதைத் திட்டுகிறார், பிறகு பொறுமையாக உட்கார்ந்து எழுப்புகிறார். உள்ளே ஆபீஸில் புதியது. கம்பெனிக்குக் கணக்குக் காட்ட ஆபீஸ் பெண் எல்லாவற்றையும் இன்னொரு முறை அதில் அடிக்கிறது. தகப்பன் இல்லாத பிள்ளை புதிதாக வந்தால் அப்பா நம்பர் கட்டத்தில் செயலாளர் சார் தன் சொந்த நம்பரைப் போடச் சொல்லிவிட்டார். காலையில் அவர் போன் ஓயாமல் ஒலிக்கிறது. அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. டீச்சருக்கும் அவருக்கும் இன்னும் எது நல்லது என்று ஒத்துப்போகவில்லை. வருடம் முடியும்போது பாலுக்கும் வாடகைக்கும் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

என் கவலை வேறு. அந்தப் பிள்ளையின் பெயர் புதுச் சாஃப்ட்வேரில் இன்னும் இருக்கிறது என்று ஆபீஸ் பெண் சொல்கிறது. எடுக்கச் சொல்லிக் கேட்டாயிற்று, இன்னும் எடுக்கவில்லை. அதே சாஃப்ட்வேரைக் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் வேறு ஊர்களிலும் எங்களைப் போன்ற காப்பகங்களுக்கு இனாமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களாம். அவள் எங்கே போனாலும் வேலைக்குப் போயாக வேண்டும். வேலைக்குப் போனால் பிள்ளையை எங்காவது விட்டாக வேண்டும். அங்கே பிள்ளையின் ஆதாரைப் போட்டதும் எங்களிடம் இருந்த அந்த நம்பர் தானாக வந்து அந்தக் கட்டத்தில் உட்கார்ந்துகொள்ளுமா? உட்காராது என்கிறார் பொருத்திய ஆள். உட்காரலாம் என்கிறார் வெளிநாட்டுத் தம்பி, உள்ளே திறந்து பார்க்காமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார்.

நான் எழுதியதில் ஓடிபி விஷயமும் லைசென்ஸ் விஷயமும் சரியாக இருக்கிறதா என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். கேட்டதைக் கேட்டபடி எழுதினேன், தப்பாக விளங்கிக்கொண்டிருக்கலாம். அதோடு, உங்கள் காப்பகத்தில் அந்தச் சாஃப்ட்வேர் இருந்தால், கன்னடம் கலந்து பேசுகிற ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்து சேர்த்தால், அடுத்த பக்கம் போவதற்கு முன்னால் அந்தக் கட்டத்தில் யார் நம்பர் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.